அப்பாவின் பஸ்சிமி ஸ்டார்: புளி போட்டுத் துலக்கலாமா? இது என்ன பதக்கம்?

கல்லல்_மகன்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே பழைய வீடு, பழைய சாமான் பற்றித்தான் அதிகம் பேசுவீர்கள், ஆனால் விஷயம் தெரிந்தவர்கள் இங்கேதான் இருக்கிறீர்கள் என்பதால் கேட்கிறேன். அப்பா மூன்று மாதம் முன்பு காலமானார். கடற்படையில் பதினைந்து வருஷம் இருந்தவர், அதில் பெரும்பகுதி நீர்மூழ்கியில். ஊரில் ‘நேவிக்காரர்’ என்றுதான் சொல்வார்கள், நீர்மூழ்கி என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கே அதற்கு மேல் தெரியாது. கேட்டால் "தண்ணிக்குள்ள இருந்தோம், வந்தோம்" என்று முடித்துக்கொள்வார்.

அவருடைய டிரங்குப் பெட்டியைப் போன வாரம்தான் திறந்தோம். மேலே வேட்டி, அதற்குக் கீழே பாங்க் பாஸ்புக், அடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் நாலு பதக்கம். மூன்று வட்டம், ஒன்று ஐந்து முனை நட்சத்திரம், வெண்கலம் மாதிரி இருக்கிறது, நடுவில் சிங்க முத்திரை. நட்சத்திரத்தின் பின்பக்கம் அப்பாவின் நம்பரும் பெயரும் பொறித்திருக்கிறது. கூடவே இருந்த சர்வீஸ் சர்டிபிகேட்டில் பஸ்சிமி ஸ்டார், சங்க்ராம் மெடல், 25-ஆவது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு சேவை மெடல் என்று எழுதியிருக்கிறது. 1971-இல் கரஞ்ச் என்ற நீர்மூழ்கியில் இருந்ததாகவும் இருக்கிறது, சோனார் வேலை.

பதினாறாம் நாள் அன்று ஒரு உறவுக்காரர் இதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது போருக்குப் போன எல்லாருக்கும் கொடுத்ததுதானப்பா, பெருசா ஒண்ணுமில்ல" என்று சொல்லி டின்னுக்குள் போட்டார். அம்மா எதுவும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் மனசில் நிற்கிறது.

மூன்று கேள்வி. இது என்ன பதக்கம், எதற்குக் கொடுத்தது? அந்த உறவுக்காரர் சொன்னது சரியா? பொங்கலுக்குள் இதைப் புளி போட்டுத் துலக்கி வைக்கலாம் என்கிறார் அம்மா, செய்யலாமா?

பழம்பொருள்_காரைக்குடி

தம்பி, மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில், ஏனென்றால் அதுதான் அவசரம். புளி வேண்டாம். சாம்பல் வேண்டாம். கடையில் விற்கிற பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம். நம் ஊரில் வெண்கலத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது, குத்துவிளக்கு, அண்டா, கும்பா எல்லாம் புளி போட்டுத் தேய்த்தே பழகிவிட்டோம், அவை தேயத் தேய மின்னும். பதக்கம் அப்படி இல்லை. நீங்கள் சொன்ன அந்தப் பின்பக்கத்து எழுத்து இருக்கிறதே, மயிரிழை ஆழம்தான் இருக்கும். நாலு பொங்கலுக்குத் துலக்கினால் பெயர் மங்கிவிடும், பத்துப் பொங்கலில் போயே போய்விடும். இப்படித் துலக்கித் துலக்கிச் சிங்க முகம் வழுவழுவென்று ஆன பதக்கங்கள் எங்கள் பழம்பொருள் கடைகள் இருக்கிற முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு எத்தனையோ வந்திருக்கின்றன. யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். மெல்லிய பருத்தித் துணியில் ஒருமுறை ஒற்றி எடுங்கள், போதும். ரிப்பன் இருந்தால் தண்ணீரே படக்கூடாது.

விற்கப் போகிறீர்களா என்று கேட்கவில்லை. விற்க வேண்டாம் என்று சொல்கிறேன், அந்த வியாபாரத்திலேயே இருக்கிற நான்.

புதுவயல்_ஹவில்தார்

நான் தரைப்படையில் இருந்து ஓய்வு பெற்றவன், 17 வருஷம். உள்ளதைச் சொல்ல வேண்டும், மனசு நோகக்கூடாது. பதக்கத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று வீரச் செயலுக்கு, பரம் வீர் சக்ரா, மஹா வீர் சக்ரா, வீர் சக்ரா எல்லாம் அந்த வகை. அதற்கு ஒரு ஆள் குறிப்பிட்ட இடத்தில் என்ன செய்தான் என்று எழுதி, மேலே அனுப்பி, அரசு ஏற்க வேண்டும். இன்னொன்று போர்க்களப் பதக்கம். அந்தப் போரில், அந்த முனையில், அந்த நாளில் நீ பணியில் இருந்தாய் என்பதற்குக் கொடுப்பது. பஸ்சிமி என்றால் மேற்கு, மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு. கிழக்கே வங்காளப் பக்கம் இருந்தவர்களுக்குப் பூர்வி ஸ்டார். சங்க்ராம் மெடல் 1971 போர்க்காலப் பணிக்கு இன்னும் பரவலாகக் கொடுத்தது. அதனால் உங்கள் உறவுக்காரர் சொன்னது தகவலாகத் தப்பில்லை. தகுதியுள்ள எல்லாருக்கும் வந்ததுதான். என்னிடமும் ஆபரேஷன் விஜய் மெடல் இருக்கிறது, கார்கில் சமயத்தில் பணியில் இருந்ததற்காக. நான் சண்டை போட்டேன் என்று அதை வைத்து எவனிடமும் சொன்னதில்லை.

கல்லல்_மகன்

புரிகிறது அண்ணே. நோகவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் நேராகச் சொன்னதற்கு நன்றி.

தேவகோட்டை_டால்பின்

இந்த இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் கடற்படை, நீர்மூழ்கி. 1971-க்குப் பிறகு சேர்ந்தவன், ஆனால் உங்கள் அப்பா இருந்த அதே பாக்ஸ்ட்ராட் என்ற சோவியத் வகை நீர்மூழ்கியில்தான், வாக்லி என்பதில் இருந்தேன். அதனால் உங்கள் அப்பா இருந்த இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு உடம்பால் தெரியும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். நாங்கள் அதைக் கப்பல் என்று சொல்ல மாட்டோம், போட் என்றுதான் சொல்வோம். நம் கடற்படைக்கு வந்த முதல் போட் கல்வாரி, 1967 டிசம்பர் 8-ஆம் தேதி ரிகா துறைமுகத்தில் சேர்ந்தது, அப்போது அது சோவியத் நாடு. அடுத்து 1968-இல் கண்டேரி, 1969-இல் கரஞ்ச், குர்சுரா. ஆக 1971-இல் நம்மிடம் இருந்ததே நாலு. அதிலும் கல்வாரி பழுதுபார்ப்பில் இருந்தது. கண்டேரி கிழக்கே வங்காள விரிகுடாவுக்கு. அரபிக் கடலுக்கு இரண்டுதான், குர்சுராவும் கரஞ்சும். குர்சுரா நவம்பரிலேயே ரோந்துக்குப் போய்விட்டது, நவம்பர் 30-இல் கடலிலேயே கரஞ்சைச் சந்தித்துப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு டிசம்பர் 4 பம்பாய் திரும்பியது. போர் தொடங்கியது டிசம்பர் 3 சாயங்காலம். அதாவது குண்டு விழத் தொடங்கியபோது மேற்குக் கடலில் காவலுக்கு நின்றது உங்கள் அப்பா இருந்த போட். இதை அந்த உறவுக்காரரிடம் சொல்லுங்கள்.

உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டால், நம் ஊர்ப் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். முகப்பில் நுழைந்து வளவு என்கிற நடு முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி தாண்டிப் பின்வாசல் போனால் அடுத்த தெரு வருமே, அந்த நீளம். 91 மீட்டர். ஆனால் அகலத்துக்கு அங்கே வளவும் கிடையாது, வானமும் கிடையாது. இருபுறமும் குழாய், வால்வு, கேபிள், நடுவில் ஒரு ஆள் போகிற சந்து. ஏழு அறை, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வட்டமான இரும்பு வாசல், காலை முதலில் விட்டுத் தலையைக் குனிந்து நுழைய வேண்டும். இதற்குள் எழுபத்தைந்து பேர். அத்தனை பேருக்கும் தனித்தனிப் படுக்கை கிடையாது, நீங்கள் டியூட்டிக்கு எழுந்தால் உங்கள் சூடு ஆறும் முன்னே அதே படுக்கையில் இன்னொருவர் படுப்பார். குளியல் என்கிற பேச்சே இல்லை, நல்ல தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும்தான். நம் பக்கத்து ஆளுக்கு அது ஒன்றும் புதுசில்லை, ஊருணி வற்றினால் ஒரு சொம்புத் தண்ணீரில் குளித்து எழுகிற ஊரில் பிறந்தவர்கள்தானே. ஆனால் டீசல் நாற்றம் இருக்கிறதே, அது தோலுக்குள் போய்விடும். கரைக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டாலும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

இப்போது சோனார். உங்கள் அப்பாவின் வேலை கேட்பது. போட் தண்ணீருக்கு அடியில் இருக்கும்போது கண் கிடையாது. பெரிஸ்கோப்பைத் தூக்கினால் ஒரு குச்சி தெரிவதே ஆபத்து. அதனால் எழுபத்தைந்து பேருக்கும் காது அந்த ஒருவர்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடல் சத்தத்துக்குள்ளிருந்து ஒரு ப்ரொப்பெல்லர் சத்தத்தைப் பிரித்து எடுக்க வேண்டும். சரக்குக் கப்பல் என்றால் மெதுவாக, கனமாக, ‘தொம், தொம்’ என்று வரும். போர்க்கப்பல் வேகமாக, மெலிசாக வரும். நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று காதாலேயே எண்ணி வேகம் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. அந்த வேலையை உங்கள் அப்பா போர் நடக்கும்போது செய்திருக்கிறார்.

ஹவில்தார் அண்ணனுக்கு ஒன்று. கரஞ்சின் கேப்டனாக அப்போது இருந்தவர் கமாண்டர் ஷெகாவத். அவருக்கு 1971 போருக்காக வீர் சக்ரா கொடுத்தார்கள், பிறகு 1993-இல் கடற்படைத் தளபதியே ஆனார். போட்டில் கேப்டன் தனியாக எதுவும் செய்ய முடியாது. ஒருவர் ஒரு வால்வைத் தப்பாகத் திறந்தால் எழுபத்தைந்து பேரும் போவார்கள். அங்கே ‘பணியில் இருந்தார்’ என்பதும் ‘செய்தார்’ என்பதும் வேறு வேறு இல்லை. தரையில் சமையல் கூடாரத்தில் இருப்பவருக்கும் முன்வரிசையில் இருப்பவருக்கும் தூரம் உண்டு. எங்களுக்கு அந்தத் தூரமே கிடையாது அண்ணே, சமையல்காரரும் டார்பிடோக்காரரும் ஒரே ஆழத்தில்தான் இருக்கிறார்கள்.

புதுவயல்_ஹவில்தார்

கடைசி வரி யோசிக்க வைத்தது. எங்கள் பக்கமும் சமையல்காரர் மேல் ஷெல் விழுந்தது உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தவிர நீங்கள் சொன்னதில் சண்டை போட எனக்கு ஒன்றுமில்லை.

குன்றக்குடி_மாணவன்

ஐயா ஒரு சந்தேகம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் கல்லூரியில் வரலாறு படிக்கிறேன். 1971-இல் கராச்சியைத் தாக்கியது ஏவுகணைப் படகுகள், நிபாத், நிர்காத், வீர். டிசம்பர் 4 இரவு. அதனால்தான் டிசம்பர் 4 கடற்படை தினம். கிழக்கே விக்ராந்த் என்ற விமானம் தாங்கிக் கப்பல். நம் நீர்மூழ்கிகள் ஒரு கப்பலைக்கூட மூழ்கடிக்கவில்லை என்றுதான் படித்தேன். அப்படியென்றால் அந்த ரோந்தால் என்ன பயன்?

தேவகோட்டை_டால்பின்

தம்பி, நல்ல கேள்வி. தப்பாக எடுக்க இதில் என்ன இருக்கிறது. நீங்கள் படித்தது உண்மை, மூழ்கடிக்கவில்லை.

ஆனால் எந்தக் கட்டளையோடு போனார்கள் என்று பாருங்கள். அரபிக் கடல் வங்காள விரிகுடா மாதிரி இல்லை, எண்ணெய்க் கப்பலும் சரக்குக் கப்பலும் உலகத்து நாடெல்லாம் போகிற பாதை. அதனால் இலக்கு எதிரியின் போர்க்கப்பல்தான் என்று சந்தேகமில்லாமல் உறுதியான பிறகே தாக்கலாம், சரக்குக் கப்பலைத் தனியாக உத்தரவு வந்தால் மட்டும்தான் தொடலாம். உறுதி செய்ய வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும், பெரிஸ்கோப் தூக்க வேண்டும், அதாவது நாம் அவன் கண்ணில் படுகிற ஆபத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். இருபத்திரண்டு டார்பிடோ கையில் இருக்கும், சத்தம் காதில் கேட்கும், ஆனாலும் விடக்கூடாது. கையைக் கட்டிக்கொண்டு உட்கார்வதும் ஒரு வேலை, அதற்கும் நெஞ்சுரம் வேண்டும். நடுநிலை நாட்டுக் கப்பல் ஒன்றைத் தவறுதலாக மூழ்கடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வரலாறு படிக்கிற நீங்களே யோசித்துப் பாருங்கள்.

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்றும் பாருங்கள். பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கி விசாகப்பட்டினத்துக்கு வெளியே டிசம்பர் 3-4 இரவில் மூழ்கியது. நம் ராஜ்புத் கப்பல் போட்ட குண்டால் என்று நாம் சொல்கிறோம், உள்ளே வெடித்தது அல்லது கண்ணிவெடி என்று அவர்கள் சொல்கிறார்கள். அந்த வாதம் இருக்கட்டும். அதில் போன ஒருவர்கூடத் திரும்பவில்லை. நீர்மூழ்கியில் காயம்பட்டவர் என்று ஒரு வகையே அனேகமாகக் கிடையாது. எல்லோரும் வருவார்கள், இல்லையென்றால் ஒருவரும் வர மாட்டார்கள். எதிரி என்றாலும் அந்த ஆட்களை நினைத்தால் எங்களுக்கு வயிறு பிசையும்.

இன்னொன்று, டிசம்பர் 9 இரவு. டையூவுக்கு வெளியே குக்ரி என்ற நம் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ விட்டு மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா மற்றவர்களைத் தப்பிக்கச் சொல்லிவிட்டுக் கப்பலோடு போனார், மஹா வீர் சக்ரா. அந்த 176 பேரில் பெரும்பாலானவர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த மாதிரி ஸ்டாரும் ஒரு மெடலும்தான். அதைப் பார்த்து ‘எல்லாருக்கும் கொடுத்ததுதானே’ என்று சொல்ல வாய் வருமா?

கல்லல்_மகன்

ஐயா, இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன்.

பெட்டியில் ஒரு போட்டோவும் இருந்தது, முன்பு சொல்லவில்லை. வெள்ளை யூனிபார்ம் போட்ட இரண்டு பையன்கள், ஒருவர் அப்பா. பின்னால் அப்பாவின் கையெழுத்தில் ‘டிரெயினிங்’ என்று ஒரு வார்த்தை, அதற்குக் கீழே ‘குக்ரி’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நான் அது ஏதோ இடத்தின் பெயர் என்று நினைத்தேன். வருஷா வருஷம் கார்த்திகை கடைசியில் ஒரு நாள் ராத்திரி அப்பா சாப்பிட மாட்டார். வயிறு சரியில்லை என்பார். நாங்கள் அதை நாள் வைத்துப் பார்த்ததே இல்லை. டிசம்பர் 9 கார்த்திகையில்தானே வரும்.

அப்புறம் அந்தக் காது. அப்பா சாயங்காலம் திண்ணையில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மெயின் ரோட்டில் பஸ் வரும், நாங்கள் எட்டிப் பார்ப்பதற்கு முன்னால் "இது காரைக்குடி வண்டி இல்ல, மதுரை வண்டி" என்பார். சரியாக இருக்கும். நாங்கள் சின்னப் பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, லாரி, டிராக்டர், யார் வீட்டு மோட்டார் சைக்கிள் என்று கேட்போம். ஒரு தடவை பக்கத்துத் தோட்டத்து பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது, அதில் பேரிங் போகப் போகிறது என்றார். மூன்றாம் நாள் நின்றுவிட்டது. எங்கே கற்றீர்கள் என்று கேட்கவே தோன்றவில்லை ஐயா. நாற்பது வருஷம் கூடவே இருந்தும் கேட்கவில்லை.

கானாடுகாத்தான்_பேத்தி

தம்பி, கேட்காதது உங்கள் தப்பு மட்டும் இல்லை. என் ஐயா, அதாவது தாத்தா, பினாங்கில் கிட்டங்கியில் இருந்தார், கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போனவர். ஜப்பான்காரன் வந்த பிறகு மூன்றரை வருஷம் கடிதமே இல்லை. திரும்பி வந்து, ஆச்சியிடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார் என்று சொல்வார்கள். அந்தக் காலத்து ஆண்கள் அப்படித்தான், நடந்ததைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

நீர்மூழ்கி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது, ஐயா சொன்ன ஒன்றிரண்டு விஷயத்தில் பினாங்குத் துறைமுகத்தில் ஜப்பான் நீர்மூழ்கிகளும் ஜெர்மன்காரர்களும் இருந்தது உண்டு. சின்ன வயதில் கதை விடுகிறார் என்று நினைத்தோம். பிறகுதான் அது உண்மை என்று படித்தேன், ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு அங்கே தளமே இருந்திருக்கிறது.

பழம்பொருள்_காரைக்குடி

கானாடுகாத்தான் ஆச்சி பினாங்கு என்றதும் எனக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது, தம்பியின் பதக்கத்துக்கும் இது தொடர்புடையதுதான்.

என்னிடம் பல வருஷமாக ஒரு பர்மா ஸ்டார் இருக்கிறது. ஆறு முனை, மஞ்சள் உலோகம், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்து முத்திரை. ரிப்பன் கருநீலம், நடுவில் சிவப்பு, சிவப்புக்கு இரு பக்கமும் ஆரஞ்சு. எனக்குக் கொடுத்தவர் இது திரிகோணமலையில் இருந்த ஒரு பிரிட்டிஷ் நீர்மூழ்கிக்காரருடையது என்று சொல்லிக் கொடுத்தார். பர்மா ஸ்டார் என்றால் காட்டில் சண்டை போட்ட தரைப்படைக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வங்காள விரிகுடாவில் 1941 டிசம்பர் 11-இலிருந்து 1945 செப்டம்பர் 2 வரை பணி செய்த கடற்படையினருக்கும் அது உண்டு. திரிகோணமலையிலிருந்து போன நீர்மூழ்கிகள் மலாக்கா ஜலசந்தியில் வேலை செய்தவை. டாலி-ஹோ என்ற போட் 1944 ஜனவரி 11-இல் பினாங்குக்கு வெளியேதான் குமா என்ற ஜப்பான் க்ரூசர் போர்க்கப்பலை மூழ்கடித்தது. ஆச்சியின் ஐயா அப்போது பினாங்கில்தான் இருந்திருப்பார், துறைமுகத்துப் பேச்சு காதில் விழுந்திருக்கும். அதனால் கதை பொருந்தத்தான் செய்கிறது.

ஆனால் நான் அதை ‘நீர்மூழ்கிக்காரர் பதக்கம்’ என்று யாருக்கும் காட்டுவதில்லை. ஏன் தெரியுமா? அதில் பெயர் இல்லை. பிரிட்டன் தன் ஆட்களுக்குக் கொடுத்த இரண்டாம் உலகப் போர் ஸ்டார்களில் பெயர் பொறிக்கவே இல்லை, லட்சக்கணக்கில் அப்படியே பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்ததில் பொறித்தார்கள், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்காவும் அப்படியே. ஆக, என்னிடம் இருப்பது யாருடையதாக வேண்டுமானாலும் இருக்கலாம். நீர்மூழ்கிக்காரர், லாரி டிரைவர், குமாஸ்தா. அதை வைத்திருந்தவர் எங்கே நின்றார், எதைப் பார்த்துப் பயந்தார், ஒன்றும் அதிலிருந்து எடுக்க முடியாது.

உங்கள் அப்பாவுடையதில் நம்பர் இருக்கிறது, பெயர் இருக்கிறது, சர்டிபிகேட்டில் போட்டின் பெயர் இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது பேசும். பதக்கத்தையும் அந்தக் காகிதத்தையும் எந்தக் காரணத்துக்காகவும் பிரித்து வைக்காதீர்கள். அண்ணனுக்குப் பதக்கம், தம்பிக்குப் பேப்பர் என்று பாகம் பிரிக்கிற வேலை வேண்டவே வேண்டாம், பார்த்து நொந்தவன் சொல்கிறேன்.

குன்றக்குடி_மாணவன்

டால்பின் ஐயா, நன்றி. என் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்டிருக்க வேண்டும். நீர்மூழ்கியை நேரில் பார்க்க வழி உண்டா?

தேவகோட்டை_டால்பின்

உண்டு. விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் குர்சுராவையே கரையேற்றி அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், 2001-இல் ஓய்வு கொடுத்து 2002-இல் மக்களுக்குத் திறந்தது. கரஞ்சும் அதுவும் ஒரே வகை, ஒரே அளவு. கல்லல் தம்பி, நீங்களும் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். கோடையில் வேண்டாம், உள்ளே புழுங்கும், அம்மாவுக்கு அந்த வட்ட வாசல்களில் குனிந்து போவது சிரமம், மெதுவாகக் கூட்டிப் போங்கள். சோனார் இருக்கிற இடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கே ஒரு நிமிஷம் பேசாமல் நில்லுங்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஒரு தடவை போனேன், டீசல் வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கிற மாதிரி இருந்தது, எனக்கு மட்டும்தானோ என்னவோ.

டிரங்குப் பெட்டியில் டால்பின் சின்னம் இருக்கிறதா என்றும் தேடுங்கள். மார்பில் குத்துகிற பித்தளைச் சின்னம். நீர்மூழ்கித் தேர்ச்சி பெற்றவர்களுக்கு மட்டும் உண்டு, போட்டின் ஒவ்வொரு குழாயும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் கிடைக்கும். எங்களில் பலருக்குப் பதக்கத்தைவிட அதுதான் பெரிது. பதக்கம் ஏதாவது தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம், மாலுமிகளின் ஆவணமெல்லாம் மும்பையில் உள்ள மாலுமிகள் பணியகத்தில் இருக்கும், சிவகங்கையில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் எப்படி எழுதுவது என்று சொல்லித் தருவார்கள்.

புதுவயல்_ஹவில்தார்

கல்லல் தம்பி, முதல் பதிலில் நான் சொன்ன தகவல் சரி. அதை எழுதிய விதம் சரியில்லை. போர்க்களப் பதக்கம் எல்லாருக்கும் வரும் என்று எழுதினேன், அந்த ‘எல்லாரும்’ யார் என்று எழுதவில்லை. என் மெடலையும் இன்று பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்தேன், இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கூட இருந்தவர்களின் முகம் வந்தது. உங்கள் ஊர்ப் பக்கம் வரும்போது அம்மாவைப் பார்த்துவிட்டு வர அனுமதி வேண்டும்.

கல்லல்_மகன்

கட்டாயம் வாங்க அண்ணே.

டால்பின் சின்னம் கிடைத்தது. பிஸ்கட் டின்னில் இல்லை, அப்பாவின் கண்ணாடிக் கூட்டுக்குள், கண்ணாடி துடைக்கிற துணியில் சுற்றி இருந்தது. தினமும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது.

நேற்று ராத்திரி இந்த இழை முழுவதையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா கல்யாணமாகி வந்தது 1973-இல், அதனால் போர்க்காலம் அவருக்கு நேரடியாகத் தெரியாது, அப்பத்தா சொன்னதைச் சொன்னார். ஐப்பசியில் வந்த கடிதம் கடைசி. அப்புறம் ஒன்றும் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பினாலே அப்பத்தா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாராம், தந்தி வாங்கிவிடக் கூடாது என்று. தை பிறந்த பிறகுதான் கடிதம் வந்தது, இரண்டு வரி, ‘நலம். லீவு கிடைத்தால் வருகிறேன்’. வந்தபோது அவர் சட்டையை அப்பத்தா ஊருணிக்குக் கொண்டுபோய் உவர்மண் போட்டு வெளுத்தும் டீசல் நாற்றம் போகவில்லையாம். கடைசியில் அதை வெட்டிக் கரித்துணியாக்கிக்கொண்டார். டால்பின் ஐயா அந்த நாற்றத்தைப் பற்றி எழுதியதை வாசித்ததும்தான் அம்மாவுக்கு இது ஞாபகம் வந்தது.

"இருந்தோம், வந்தோம்" என்று அப்பா சொன்னதை நான் பேச்சைத் தவிர்க்கிறார் என்றே நினைத்திருந்தேன். காஜியைப் பற்றி ஐயா எழுதியதைப் படித்த பிறகு அந்த இரண்டாவது வார்த்தை வேறு மாதிரி கேட்கிறது.

விற்கப் போவதில்லை, துலக்கப் போவதும் இல்லை. அம்மாவே புளிச் சட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார். நாலு பதக்கம், டால்பின், அந்தப் போட்டோ எல்லாவற்றையும் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்று இருக்கிறோம். ஆனால் ஸ்டாரைச் சட்டத்துக்குள் வைத்தால் பின்பக்கம் இருக்கிற பெயர் மறைந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது?

பழம்பொருள்_காரைக்குடி

இதற்கு வழி இருக்கிறது. சட்டத்தின் முதுகுப் பலகையில் ஸ்டார் வருகிற இடத்தில் மட்டும் ஒரு சின்ன வட்டம் வெட்டி அங்கேயும் கண்ணாடி பதிக்கச் சொல்லுங்கள். சுவரில் ஆணிக்குப் பதிலாகக் கீல் வைத்து மாட்டினால் கதவு மாதிரித் திருப்பிப் பார்க்கலாம். எனக்குத் தெரிந்த ஆசாரி ஒருவர் பழைய தேக்கில் அழகாகச் செய்வார், நான் சொல்லிவிடுகிறேன். பசை எதுவும் போடக்கூடாது, பின்னாலிருந்து நூலால் கட்டினால் போதும். வளவுப் பக்கம் வெயில் விழுகிற சுவரில் மாட்டாதீர்கள், ரிப்பன் வெளுத்துவிடும், உள்சுவர் பாருங்கள். சர்டிபிகேட் அசலை மாட்ட வேண்டாம், நகல் எடுத்து மாட்டுங்கள், அசல் தனியாக உறையில் இருக்கட்டும்.

புதன்கிழமை நான் கடையில் இருப்பேன். வரும்போது கண்ணாடி போடும் முன்பே பின்பக்கத்துப் பெயரை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள்.

கல்லல்_மகன்

சரி அண்ணே. புதன் காலை பத்து மணிக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன்.